கட்டு முந்தியா, கட்டம் முந்தியா?

"நூற்று இருபத்தைந்து" என்றேன். சிலேட்டில் 10025 என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள் பக்கத்து வீட்டுச் சிறுமி. மூன்றாம் வகுப்பு. "எங்கே, படிச்சுக் காட்டு" என்றதும் முதல் மூன்று எண்களின் கீழே விரலை வைத்து "நூற்று" என்றாள். கடைசி இரண்டுக்கு விரலை நகர்த்தி "இருபத்தஞ்சு" என்றாள். "சரிதானே தாத்தா?"

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தெருவிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் கோயில் மதில்களில் ஏறக்குறைய இந்த முறையில்தான் எண்களைப் பொறித்திருக்கிறார்கள். ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயிலில் 600-க்கு மேல் கல்வெட்டுகள் உண்டு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதி இந்த ஒரு கோயிலுக்கே ஒதுக்கப்பட்டது. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி. 125 என்பது ௱௨௰௫. நூறு, இரண்டு பத்து, ஐந்து. வாய் சொல்லும் வரிசையிலேயே கை எழுதிக்கொண்டு போகும். 105 என்றால் ௱௫, அவ்வளவுதான்; நடுவில் சுழியம் வேண்டியதில்லை.

சிறுமி செய்ததும் அதுதான். நூறு என்ற சொல்லுக்கு அவளுக்குத் தெரிந்த குறி 100. அதை எழுதினாள், பிறகு 25-ஐ எழுதினாள். கல் வெட்டியவர் 25-ஐயும் 2, 10, 5 என்று பிரித்திருப்பார். இவள் பிரிக்கவில்லை, ஏனென்றால் நூறு வரைக்கும் உள்ள எண்களின் உருவத்தை அட்டையைப் பார்த்து நெட்டுருப் போட்டிருக்கிறாள். நெட்டுரு தீர்ந்துபோன இடத்தில் சொந்தமாக யோசித்திருக்கிறாள். யோசித்த இடத்தில்தான் சிவப்பு மையால் சுழி விழுகிறது.

இடமதிப்பு என்று நம் தொடக்கப் பள்ளிகளில் சொல்லித்தருவது இந்த இடத்தைத் தொடுகிறதா? தொடவில்லை என்பது என் கட்சி. எதிர்க்கட்சியை முழுக்கக் கேட்காமல் அதை நிலைநாட்ட முடியாது.

எதிர்க்கட்சி என்பது கட்டம். கரும்பலகையில் மூன்று கோடு இழுத்து, மேலே வலமிருந்து இடமாக ஒன்றுகள், பத்துகள், நூறுகள் என்று எழுதி, கீழே எண்ணை ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கமாக இறக்குவது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இது மறக்காது. இதற்குச் சார்பாகச் சொல்ல நிறைய இருக்கிறது. செலவு ஒரு சாக்பீஸ். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பில் எல்லோர் நோட்டையும் ஒரு பார்வையில் திருத்திவிடலாம். கூட்டல் கழித்தலுக்கு எண்களை ஒன்றன்கீழ் ஒன்று நேராக எழுதும் பழக்கம் இதிலிருந்துதான் வருகிறது. அந்தப் பழக்கம் இல்லாத பிள்ளை படும் பாட்டைப் பார்த்தவர்கள் கட்டத்தைக் கேலி செய்யமாட்டார்கள். நானும் செய்யவில்லை.

ஆனால் கட்டத்தை வைத்துக் கேட்கப்படும் கேள்வியைப் பாருங்கள். 4,327-இல் 3-இன் இடமதிப்பு என்ன? முகமதிப்பு என்ன? இடமதிப்பு 300, முகமதிப்பு 3. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று பிள்ளையைக் கேட்டால், "வலதுபக்கத்துலேர்ந்து மூணாவது, அதனால ரெண்டு சைபர்" என்று வரும். முழு மதிப்பெண். இதில் எண்ணிக்கை எங்கே இருக்கிறது? இலக்கத்துக்குப் பின்னால் எத்தனை எழுத்து நிற்கிறது என்று எண்ணி, அத்தனை சுழியம் போட்டால் விடை வந்துவிடுகிறது. எண் என்றால் என்ன என்றே தெரியாத ஓர் இயந்திரமும் இதைச் செய்யும்.

அதே எண்ணில் வேறொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 4,327-இல் மொத்தம் எத்தனை நூறு இருக்கிறது? இடமதிப்புக் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை, கட்டத்தைப் பார்த்து "மூணு" என்று சொல்லும். நூறுகள் என்ற தலைப்பின் கீழ் 3 தானே இருக்கிறது! நாலாயிரத்துக்குள் நாற்பது நூறு ஒளிந்திருப்பதைக் கட்டம் மறைத்துவிடுகிறது. கட்டத்தின் சுவர்கள் மிகவும் கெட்டி. ஆனால் திருச்சி காந்தி மார்க்கெட்டில் வெற்றிலைக் கடை வைத்திருப்பவரிடம் 4,327 வெற்றிலை என்று சொல்லுங்கள். நூறு இலை ஒரு கவுளி. நாற்பத்து மூன்று கவுளி, மேலே இருபத்தேழு இலை என்று கணக்கு அவர் வாயிலேயே இருக்கும். வங்கியில் பணம் எண்ணுகிறவருக்கும் அப்படித்தான்: 27,500 ரூபாய்க்கு ஐந்நூறு ரூபாய்த் தாள் ஐம்பத்தைந்து. எண்ணைத் தேவைக்குத் தக்கபடி கட்டிப் பார்ப்பதும் அவிழ்த்துப் பார்ப்பதும்தான் இடமதிப்பு அறிவு என்றால், கட்டம் அதில் பாதியைக்கூடத் தருவதில்லை.

இன்னொரு சோதனை, உளவியலாளர் பியாஜேயின் வழியில் வந்த கல்வி ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் காமி 1980-களில் பரவலாக்கியது. பிள்ளை முன்னால் பதினாறு சில்லுகளை வைத்து, தாளில் 16 என்று எழுதி, 6-ஐக் காட்டி "இது எவ்வளவு, எடுத்துக் காட்டு" என்றால் ஆறை எடுக்கும். 1-ஐக் காட்டிக் கேட்டால் ஒன்றே ஒன்றை எடுக்கும். மிச்சம் ஒன்பது சில்லு யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். நான் இதைப் புளியங்கொட்டையை வைத்து எங்கள் திண்ணையில் செய்து பார்த்தேன். எண் 25. ஐந்து கொட்டையைச் சரியாக எடுத்து வைத்தாள். 2-ஐக் காட்டியதும் இரண்டு கொட்டை. "மிச்சமெல்லாம்?" என்றேன். கொட்டைகளைப் பார்த்தாள், சிலேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது சும்மா இருக்கு தாத்தா."

பதினெட்டுக் கொட்டை சும்மா இருக்கிறது. கட்டம் போட்டு எத்தனை பக்கம் எழுதினாலும் அந்தப் பதினெட்டுக்கு வேலை கிடைக்காது.

சரி, அப்படியானால் கட்டு. பத்துக் குச்சியை ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டாக்கு, பத்துக் கட்டைச் சேர்த்து நூறாக்கு என்ற வழி. தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. மரியா மாண்டிசோரி 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்து சேர்ந்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய பொன்மணிகளில் ஒன்று என்பது ஒரு மணி, பத்து ஒரு கம்பி, நூறு ஒரு சதுரம், ஆயிரம் ஒரு கனசதுரம். பிள்ளை ஆயிரத்தைக் கையில் தூக்கிப் பார்த்து அதன் கனத்தை உணரும். அரசுப் பள்ளிகள் பக்கம் வந்தால், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிச் சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் மணிகளையும் தரையில் இறக்கியது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பொருள்களைத் தொட்டுச் செய்யும் பாடங்களை முன்னே வைத்தது. பிறகு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது.

இந்தப் போக்கு சரியானது. தயங்காமல் சொல்கிறேன். பதினெட்டுக் கொட்டைக்கு வேலை கொடுப்பது கட்டுதான். கழித்தலில் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லித்தரும் வழக்கத்தின் அபத்தமும் கட்டைக் கையில் பிடித்தால் தெரிந்துவிடும். திருப்பியே கொடுக்காத கடன் என்ன கடன்? நடப்பது சில்லறை மாற்றுவது. ஒரு கட்டை அவிழ்த்துப் பத்துக் குச்சியாக்கிக்கொள்கிறோம். பெட்டியில் இருந்த மொத்தம் ஒரு குச்சிகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. 'கடன்' என்ற சொல்லைக் கணக்கு வகுப்பிலிருந்து வெளியேற்றிவிட்டு 'சில்லறை' என்று வைத்தாலே பாதித் தெளிவு வந்துவிடும் என்பது என் நெடுநாள் புலம்பல்.

குறை எங்கே என்றால், கட்டு புத்தகத்துக்குள் போய்ப் படமாக உட்கார்ந்துகொள்ளும்போது. பயிற்சி நூலில் மூன்று கட்டும் நான்கு குச்சியும் வரைந்து எண்ணை எழுதச் சொல்கிறார்கள். படத்தில் இருக்கும் கட்டை அவிழ்க்க முடியாது. அவிழ்க்க முடியாத கட்டு, குச்சி மாதிரியே இன்னொரு சித்திரம். பிள்ளை "பெரிய படம் மூணு, சின்ன படம் நாலு, அதனால 34" என்று எழுதிவிட்டுப் போகும். முதல் நாள் அறிமுகத்துக்கு மட்டும் குச்சியை வெளியே எடுத்து, இரண்டாம் நாளே பக்கத்தைப் புரட்டச் சொல்லும் வகுப்பில் கட்டு கட்டமாகிவிட்டது என்று பொருள்.

இதுவரை நான் சொன்னதைக் கட்டின் ஆதரவாளர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அடுத்து வருவது அவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

அந்தச் சிறுமிக்குக் குச்சி கட்டத் தெரியாமலில்லை. 125 குச்சியைக் கொடுத்தேன். ஒரு பெரிய கட்டு, இரண்டு சின்னக் கட்டு, ஐந்து உதிரி என்று அழகாகப் பிரித்து வைத்தாள். எழுது என்றேன். மறுபடியும் 10025.

யோசித்தால் இதில் வியப்பில்லை. குச்சிக்கட்டைத் திண்ணையில் எந்த வரிசையில் வேண்டுமானாலும் வைக்கலாம். உதிரியை இடதுகோடியிலும் நூற்றுக்கட்டை வலதுகோடியிலும் வைத்தாலும் எண்ணிக்கை மாறாது. கட்டு தன் மதிப்பைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது. நிற்கிற இடத்துக்கு அங்கே வேலையே இல்லை. பொன்மணியும் அப்படி, நூறு ரூபாய்த் தாளும் அப்படி, கல்வெட்டின் ௱ என்ற குறியும் அப்படி. ஆகவே கட்டு குழுவாக்கலைச் சொல்லித்தருகிறதே தவிர இடத்தைச் சொல்லித்தருவதில்லை. பார்க்க ஒரே மாதிரியான 2, நிற்கிற இடத்தால் இரண்டு, இருபது, இருநூறு என்று மாறுகிறதே, அந்தக் குதிப்பு கட்டுக்குள் இல்லை. குழுவாக்கல் நன்றாகத் தெரிந்த ஒரு நாகரிகம் நூற்றாண்டுக் கணக்கில் ௱௨௰௫ என்றே எழுதிவந்ததற்கு எங்கள் கோயில் மதில்கள் சாட்சி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதைக் குச்சி கட்டிய மறுநிமிடமே தாண்டிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பழைய திண்ணைப் பள்ளியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. மணலில் எழுதி, எண்சுவடி ஒப்பித்து, நெல்லிலக்கம் படித்த அந்தப் பிள்ளைகளுக்குக் குழுவாக்கல் கைவந்த கலை. எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆக ஒரு கலத்துக்குத் தொண்ணூற்றாறு நாழி. அளவுக்கு அளவு மடங்கு மாறும் இந்தக் கணக்கை அளந்துகொண்டே போடுவார்கள். நம் பிள்ளைகளுக்குப் பத்து என்ற ஒரே மடங்குதான், அதற்கே திணறுகிறார்கள் என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். முழு உண்மை அதுவல்ல. ௲௮௱௨௰௫ என்று எழுதும் முறையில் தாளில் பெருக்கிப் பார்ப்பது பெரும்பாடு. அத்தனை வாய்பாடுகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். இடமதிப்பு எழுத்துமுறை அந்தச் சுமையை இறக்கி வைத்தது. திண்ணைக்குத் திரும்பிப் போகச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை.

அப்படியானால் கட்டுக்கும் கட்டத்துக்கும் நடுவே என்ன? இரண்டு பொருள்கள். ஒன்று, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் எண் அட்டை. 100 ஒரு நீள அட்டை, 20 அதைவிடக் குட்டை, 5 இன்னும் குட்டை. மூன்றையும் வலது ஓரம் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் 20 வந்து நூறின் கடைசி இரண்டு சுழியங்களை மூடும். 5 வந்து இருபதின் சுழியத்தை மூடும். கண்ணுக்குத் தெரிவது 125. தூக்கிப் பார்த்தால் சுழியங்கள் அடியிலேயே இருக்கின்றன. சிறுமியின் 10025-ஐ நான் அழிக்கவில்லை. 100 அட்டையையும் 25 அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "நீ எழுதினது இது" என்றேன். பிறகு 25-ஐ நகர்த்தி மேலே ஏற்றினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. தானே இறக்கி, தானே ஏற்றி, நாலைந்து முறை செய்தாள். "முட்டை ரெண்டும் அடியில ஒளிஞ்சுக்குது" என்றாள். பழைய தினசரிக் காலண்டர் அட்டையை வெட்டிச் செய்தது. செலவு கத்தரிக்கோல் தேய்மானம்.

மற்றது ஆணிமணிச்சட்டம். இது பல பள்ளிகளின் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. இதன் மணிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே எடை. இந்த ஆணியில் இருந்தால் ஒன்று, அடுத்த ஆணிக்குப் போனால் பத்து. மதிப்பு பொருளை விட்டு இடத்துக்குப் போவது முதன்முதலாக இங்கேதான். 105 போடும்போது நடு ஆணி மொட்டையாக நிற்கும். 'நூற்று ஐந்து' என்ற சொல்லில் சுழியத்துக்கு இடமே இல்லை. காது கேட்காத அந்தச் சுழியத்தைக் கண் பார்ப்பது மொட்டை ஆணியில். அதைப் பார்த்தபின் கட்டம் போட்டால் கட்டத்துக்கு அர்த்தம் வரும். அதற்கு முன்னால் போட்டால் அது வெறும் கோடு.

தமிழ் இதில் எவ்வளவு உதவுகிறது என்று யாரும் பேசுவதில்லை. பதினொன்று என்ற சொல் பத்தையும் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறது. ஆங்கிலத்தின் இலெவன், ட்வெல்வ் அதைச் சொல்வதில்லை. அதைவிட முக்கியமானது சொற்களின் வால். 'நூறு' என்றால் அங்கே முடிந்தது. 'நூற்று' என்றால் இன்னும் வருகிறது. 'ஆயிரம்' முடிவு, 'ஆயிரத்து' தொடர்ச்சி. எண் முடிந்ததா இல்லையா என்பதைச் சொல்லின் உருவமே அறிவிக்கிறது. இதைக் கணக்கு வகுப்பில் சொல்லித்தருவதை நான் பார்த்ததில்லை. "'நூற்று'னு காதுல விழுந்தா அட்டை மேல இன்னொரு அட்டை ஏறப்போகுதுன்னு அர்த்தம்" என்று சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டாள்.

அதே தமிழ் வைக்கும் கண்ணியும் உண்டு: ஒன்பது. எண்பது வரை ஒழுங்காக வந்த வரிசை, அடுத்து ஒன்பதிற்றுப் பத்து என்று ஏதோ வராமல் 'தொண்ணூறு' என்கிறது. சொல்லுக்குள்ளே நூறு; எண்ணோ நூறைத் தொடவில்லை. எண்ணூறுக்கு அடுத்து 'தொள்ளாயிரம்'. சொல்லுக்குள்ளே ஆயிரம், எண்ணோ மூன்று இலக்கம். தொல்காப்பியமே இந்தப் புணர்ச்சிக்குத் தனி விதி சொல்ல வேண்டியிருந்தது என்றால் எட்டு வயதுப் பிள்ளை தடுக்கி விழுவதில் என்ன அதிசயம்? எங்கள் ஊரில் இதற்குக் கல்லாலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆயிரங்கால் மண்டபத்தில் நிற்கும் கல்தூண்கள் 953 என்பார்கள். தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று. பெயரில் ஆயிரம், எண்ணின் சொல்லிலும் ஆயிரம், எண்ணிக்கையில் மட்டும் ஆயிரம் இல்லை! மார்கழி உற்சவத்துக்குப் போடும் பந்தல்கால்களையும் சேர்த்தால்தான் ஆயிரம் என்று ஊர்ப்பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். நாற்பத்தேழு குறைகிறது என்று பிள்ளையே கழித்துச் சொல்லட்டும்.

பெரிய எண்களுக்கு வருவோம். இந்த ஊரில் பெரிய எண்ணைக் கட்டிப் பார்ப்பதற்கு அந்த மண்டபத்திலேயே இன்னொரு பாடம் நடக்கிறது. வைகுண்ட ஏகாதசியில் தொடங்கும் இராப்பத்தில் நாளுக்கு ஒரு பத்தாக நம்மாழ்வாரின் திருவாய்மொழியை அரையர்கள் சேவிக்கிறார்கள். ஆயிரம் என்று பெயர்பெற்ற அந்த நூல் பத்துப் பத்து. ஒவ்வொரு பத்திலும் பத்துத் திருவாய்மொழி. ஒவ்வொன்றிலும் பதினொரு பாசுரம், இரண்டாம் பத்தின் ஏழாவதில் மட்டும் பதின்மூன்று. தொண்ணூற்றொன்பது பதினொன்றும் ஒரு பதின்மூன்றும் சேர்ந்து 1,102. பழைய முறையில் ௲௱௨, மூன்றே குறி. மண்டபம் ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே, நூல் கொஞ்சம் மேலே. தோராய மதிப்பு என்ற பாடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

2-7-1 என்று பாசுரத்துக்கு முகவரி சொல்வதைக் கேட்டு, இதுவும் இடமதிப்புதானே என்று நான் ஒருகாலத்தில் மகிழ்ந்ததுண்டு. இல்லை. 2-7-1 என்பது 271-ஆவது பாசுரமில்லை. முதல் பத்தின் 110, அடுத்த ஆறு திருவாய்மொழிகளின் 66, பிறகு ஒன்று: 177-ஆவது. முகவரியும் எண்ணிக்கையும் வேறு. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நல்ல புதிர். சின்னப் பிள்ளைகளுக்கு இடமதிப்பு என்று இதைக் காட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். உள்ளூர் உதாரணம் என்பதற்காகவே ஓர் உதாரணம் நல்லதாகிவிடாது. வாழைத்தாரும் அப்படியே: பழம், சீப்பு, தார் என்று அடுக்கு அழகாக இருக்கிறது, சீப்புக்குச் சீப்பு பழ எண்ணிக்கை மாறுகிறதே! வெற்றிலைக் கவுளி தேறுகிறது, வாழைச்சீப்பு தேறவில்லை.

தேறும் இன்னோர் உதாரணம், திருவாய்மொழியின் உரையான ஈடு. அதற்கு முப்பத்தாறாயிரப்படி என்று பெயர். 32 எழுத்து ஒரு கிரந்தம் என்ற கணக்கில் 36,000 கிரந்தம். ஆக 11,52,000 எழுத்து. ஓலையில் எழுதிய உரையின் அளவைக் கட்டிக் கட்டி எண்ணியிருக்கிறார்கள். பதினொரு லட்சம் என்றால் பிள்ளைக்கு ஒன்றும் தோன்றாது. 32 எழுத்துள்ள ஒரு வரியை எழுதச் சொல்லி, இப்படி முப்பத்தாறாயிரம் என்றால் வாயைப் பிளக்கும்.

லட்சம், கோடிக்குக் காற்புள்ளி போடும் முறைக்கு நான் கட்சிக்காரன். 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாவட்டத்தின் மக்கள்தொகை 27,22,290. இருபத்தேழு லட்சத்து, இருபத்திரண்டாயிரத்து, இருநூற்றுத் தொண்ணூறு. காற்புள்ளி விழும் இடமும் மூச்சு விடும் இடமும் ஒன்று. இதையே 2,722,290 என்று எழுதினால் காற்புள்ளி ஓரிடத்திலும் தமிழ் நாக்கு வேறிடத்திலும் நிற்கும். ஆறாம் வகுப்புப் புத்தகம் இந்திய முறையையும் பன்னாட்டு முறையையும் ஒரே இயலில் அடுத்தடுத்து வைக்கிறது. லட்சத்தின் காற்புள்ளியே இன்னும் கைபழகாத பிள்ளைக்கு இது இரண்டு படகில் கால்.

பன்னாட்டு முறையைத் தூக்கிப்போட வேண்டும் என்று இதிலிருந்து முடிவுகட்ட நினைத்தேன். இரண்டு விஷயம் தடுத்தது. ஒன்று, லட்சத்துக்குப் பழந்தமிழ் 'நூறாயிரம்' என்ற சொல்லையும் வைத்திருந்தது; திருப்பல்லாண்டின் முதல் பாசுரத்திலேயே அது வருகிறது. ஆயிரம், பதினாயிரம், நூறாயிரம் என்பது ஆயிரத்தையே புதிய ஒன்றாக வைத்து மேலே ஏறும் முறை. மாண்டிசோரி பொருள்களில் மூன்று இடத்துக்கு ஒருமுறை நிறம் திரும்ப வருவதும் அதே ஏற்பாடுதான். பன்னாட்டு முறை நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. பாலம் நம் வீட்டிலேயே கிடக்கிறது, பாடநூல்தான் அதில் நடக்கவில்லை.

மற்றது காவிரி. ஆடி மாதம் இந்த ஊரில் எல்லோர் வாயிலும் டி.எம்.சி. ஆயிரம் மில்லியன் கன அடி என்பதன் சுருக்கம் அது. அதாவது நூறு கோடி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நம் கணக்கில் 9,347 கோடி கன அடி. முக்கொம்புக்கு விநாடிக்கு இருபதாயிரம் கன அடி வருகிறது என்று செய்தித்தாளில் பார்த்தால், நாளுக்கு 86,400 விநாடி, ஆக 172 கோடியே 80 லட்சம் கன அடி, 1.728 டி.எம்.சி. அம்மா மண்டபப் படித்துறையில் தண்ணீர் எந்தப் படியைத் தொடுகிறது என்று பார்க்கும் பிள்ளைக்கு இது வெறும் கணக்கில்லை. மில்லியனைக் கோடியாக்கத் தெரியாதவர் தன் ஆற்றின் செய்தியையே படிக்க முடியாது. அதனால் பன்னாட்டு முறை வேண்டும். ஆறில் வேண்டாம், ஏழிலோ எட்டிலோ, மொழிபெயர்ப்பாக, நூறாயிரம் வழியாக.

ஆக என் தீர்ப்பு இது. முதல் இரண்டு வகுப்புக்குக் கட்டு, அவிழ்க்கக்கூடிய நிஜக் கட்டு, படம் வேண்டாம். மூன்றாம் வகுப்பில் அடுக்கு அட்டையும் ஆணிமணிச்சட்டமும், கட்டத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு பருவம். கட்டத்தைக் கடைசியில் பதிவேடாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாடமாக வைக்கக் கூடாது. முகமதிப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. வினாத்தாளில் '3-இன் இடமதிப்பு என்ன' என்ற கேள்விக்குப் பதிலாக 'மொத்தம் எத்தனை நூறு' என்று கேட்கட்டும். எண்ணும் எழுத்தும் கட்டை முன்னே கொண்டுவந்ததற்காகப் பாராட்டுக்குரியது. கட்டிலிருந்து கட்டத்துக்குப் போகும் பாலம் இரண்டு நாளில் கட்டக்கூடியது என்று நினைக்கும் வகுப்பறையில் அது தோற்கும். நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இடமதிப்பு, முகமதிப்பு, விரித்தெழுது என்று ஒவ்வொரு வகுப்பிலும் திரும்பத் திரும்ப வரும் பக்கங்களைக் குறைத்தால் அந்தப் பருவம் கிடைத்துவிடும்.

போன வாரம் மறுபடியும் சிலேட்டும் கையுமாக வந்தாள். நூற்று ஐந்து, 105. அறுநூற்று இருபது, 620. ஆயிரத்து இரண்டைக்கூட ஒரு கணம் நின்று 1002 என்று எழுதினாள். தொள்ளாயிரத்து ஐந்து என்றேன். 1905. நான் ஒன்றும் சொல்லவில்லை. தன் விடையைக் கொஞ்ச நேரம் பார்த்தவள், காலண்டர் அட்டைப் பெட்டியை இழுத்து, 'தொள்ளாயிரம்' எந்த அட்டை என்று தேட ஆரம்பித்தாள்.